மாலைதீவில் எட்டு இரவுகள்: தீவு மாறிச் சுழியோடுவது ஓய்வாகுமா?

2025 மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை காலை. தெஹிவளை வாசகி ஒருவரின் கேள்வி

எங்கள் பத்தாவது திருமண நாளுக்கு நானும் கணவரும் மாலைதீவுக்குப் போக எண்ணியிருக்கிறோம். ஏழு இரவுகளில் நான்கு தீவுகள், ஆளுக்கு எட்டு முறை காற்றுச் சிலிண்டரோடு சுழியோடும் ஸ்கூபா என்று முகவர் ஒருவர் திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். என் அண்ணனோ, "படகில் ஏறுவதும் இறங்குவதும் ஓய்வா? திருகோணமலைக்குப் போய்ப் புறாத்தீவைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்கிறார். போய் வந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்கு அது ஆறுதலாக இருந்ததா?

மார்ச் 2, இரவு. போய் வந்த வாசகி ஒருவரின் பதில்கள்

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. நானும் என் கணவரும் சென்ற மாதம் 8ஆம் திகதி கட்டுநாயக்கவில் விமானம் ஏறி 16ஆம் திகதி திரும்பினோம். பிள்ளைகள் இருவரையும் வெள்ளவத்தையில் அம்மாவிடம் விட்டுவிட்டு, திருமணமாகிப் பதினொரு ஆண்டுகளில் நாங்கள் இருவர் மட்டுமாகப் போன முதற் பயணம் அது. நாங்களும் மூன்று தீவுகள் என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் புறப்பட்டோம். போய்ச் சேர்ந்த இரண்டாம் நாளே மூன்றை இரண்டாகக் குறைத்தோம். குறைத்திராவிட்டால் நான் இன்று உங்கள் அண்ணனின் பக்கம்தான் நின்றிருப்பேன்.

கொழும்பிலிருந்து தலைநகர் மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்; கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னே தள்ளவேண்டும். அதுவரை எல்லாம் இலகு. அதன் பிறகுதான் வரைபடம் நம்மை ஏமாற்றுகிறது. ஆயிரத்து இருநூறுக்குச் சற்றுக் குறைவான தீவுகள், அட்டோல் எனப்படும் 26 வளையத் தீவுக்கூட்டங்களில் பாசிமணிகளைப் போலக் கோத்துக் கிடப்பதைப் படத்தில் பார்க்கும்போது, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஒரே தாவலில் போய்விடலாம் என்றே தோன்றும். ஆனால் வேகப்படகுகளின் நேர அட்டவணை பெரும்பாலும் மாலேயை நடுவில் வைத்தே போடப்பட்டிருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதத்தில் போகிறவர் மாஹோ வரை வந்து மாறவேண்டியிருப்பதைப் போல, ஓர் அட்டோலிலிருந்து இன்னோர் அட்டோலுக்குப் போகிறவர் மாலேக்குத் திரும்பி வந்துதான் அடுத்த படகைப் பிடிக்க வேண்டும். எங்கள் இரண்டாவது தீவான ஃபுலிதூ வாவு அட்டோலில் இருக்கிறது. மூன்றாவதாக வைத்திருந்த திகுரா தெற்கு ஆரி அட்டோலில் இருக்கிறது. இடையில் ஒரு பகல் முழுவதும் பெட்டி கட்டுவதிலும் இறங்குதுறையில் காத்திருப்பதிலும் போயிருக்கும். திகுராவை விட்டதில் திமிங்கிலச்சுறாவையும் விட்டோம். அந்தப் பக்கத்துக் கடலில் அது ஆண்டு முழுவதும் தென்படுகிறது. அந்தக் குறை இன்னும் மனதில் இருக்கிறது.

விமான நிலையத்துக்கு அருகே ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு, முதல் தீவான மாஃபுஷியில் மூன்று, ஃபுலிதூவில் நான்கு. ஐந்து முறை சுழியோடினோம். விமானம் ஏறுவதற்கு முன் 24 மணி நேரம் சுழியோடக்கூடாது என்ற விதியினால் 15ஆம் திகதி மட்டும் சும்மா இருந்தோம். ஆறுதலாக இருந்ததா என்று கேட்டீர்கள். ஃபுலிதூவில் இருந்தது, மாஃபுஷியில் இருக்கவில்லை.

மார்ச் 3

செலவைக் கேட்டவருக்கு. பழைய பயணக் குறிப்புகளில் பசுமை வரி 3 டொலர் என்று இருப்பதை நம்பி வரவு செலவு போட வேண்டாம். 2025 ஜனவரி 1 முதல் அது இரண்டு மடங்காகிவிட்டது. ஊர் மக்கள் வாழும் தீவுகளில் 50 அறைகள் வரையுள்ள விருந்தினர் இல்லத்தில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 6 டொலர், ரிசோட்டுகளில் 12 டொலர். எங்கள் இருவருக்கும் எட்டு இரவுகளுக்கு 96 டொலர் ஆயிற்று. சாப்பாடு, அறை, சுழியோடல் ஆகியவற்றின் விலைக்கு அருகே இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால், 16 வீதச் சுற்றுலா வரியும் (2025 ஜூலை முதல் 17 வீதம்) 10 வீதச் சேவைக் கட்டணமும் தனியே சேரும் என்று பொருள். முகவர் அனுப்பிய விலைக்குள் இவை அடங்குகின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் பொதுப் படகுகள் ஓடுவதில்லை. தீவு மாறும் நாளை வெள்ளியில் வைத்துவிட்டு வேகப்படகுக்குப் பல மடங்கு கொடுத்தவர்களை நான் மாலே இறங்குதுறையிலேயே கண்டேன்.

மார்ச் 4

திருகோணமலையா மாலைதீவா என்று இங்கே இரண்டு அணிகள் கிளம்பியிருப்பதால் இதை எழுதுகிறேன். நான் ஸ்கூபா கற்றது சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், நிலாவெளியில்தான். அந்தக் கடலை யாரும் குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது. ஆனால் இரண்டையும் ஒரே மாதத்தில் வைத்து ஒப்பிடவே முடியாது. கிழக்குக் கரை தெளிந்து அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. பெப்ரவரியில் அங்கே போனால் கலங்கிய கடலையும் கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களையும்தான் பார்க்கலாம். மாலைதீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வாடைக்காற்றுக் காலம், வானம் தெளிந்திருக்கும். இதே மாதங்களில் நம் மேற்குக் கரையும் நல்ல நிலையில் இருப்பதால், கற்பிட்டியும் கொழும்புக்கு வெளியே மூழ்கிக் கிடக்கும் கப்பல்களும் சுழியோடிகளுக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றான மெதுஃபாரு, 2009இல் மூழ்கிய மாலைதீவுச் சரக்குக் கப்பல். மாலைதீவுக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு அந்த நாட்டின் கப்பல் ஒன்றாவது நம் வாசலில் கிடக்கிறது என்று நிலாவெளியில் என் பயிற்றுநர் சொல்லிச் சிரித்தார்.

வேறுபாடு எங்கே என்றால், பெரிய மீன்களில். மாலைதீவு 2010இல் தன் கடல் முழுவதிலும் சுறா பிடிப்பதைத் தடை செய்தது. அதன் பயன் கண்ணுக்குத் தெரிகிறது. கரையிலிருந்து நான்கு அடி தள்ளிக் குட்டிச்சுறாக்கள் வரிசையாகப் போகின்றன. புறாத்தீவிலும் கருமுனைச் சுறாக்கள் இருக்கின்றன. 2003 முதல் அது தேசியப் பூங்கா. ஆனாலும் முழங்காலளவு நீரில் உயிருள்ள முருகைக்கல்லின் (பவளப்பாறையின்) மேல் குடும்பம் குடும்பமாக ஏறி நின்று படம் எடுப்பதை அங்கே கண்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

மாலைதீவின் முருகைக்கற்கள் முழுச் சுகமாக இருக்கின்றன என்று யாரும் நினைக்க வேண்டாம். கடல் சூடேறி 1998இலும் 2016இலும் வெளிறின, 2024இல் மறுபடியும் வெளிறின. மாஃபுஷியில் நான் முதலில் இறங்கிய இடத்தில், உடைந்த பழைய மான்கொம்புகளைக் குவித்ததுபோலச் சாம்பல் நிறத்தில் கிடந்தவை எல்லாம் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவை.

மார்ச் 6

நீந்தத் தெரியாதவரும் சுழியோடலாமா, கீழே போனால் எப்படி இருக்கும் என்று மூவர் கேட்டிருக்கிறீர்கள்.

முன்பயிற்சி இல்லாதவர்களுக்குப் பயிற்றுநர் கையைப் பிடித்தபடியே அழைத்துப் போகும் அறிமுகச் சுழியோட்டம் உண்டு. அதில் 12 மீற்றருக்குக் கீழே கொண்டுபோகமாட்டார்கள். முறையாகக் கற்று ஓப்பன் வாட்டர் சான்றிதழ் பெற்றால் 18 மீற்றர். அந்தச் சான்றிதழுக்கு 200 மீற்றர் நீந்தவும் பத்து நிமிடம் நீரில் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு தேர்ந்த சுழியோடியானாலும் பொழுதுபோக்குக்காக இறங்குகிறவருக்கு மாலைதீவின் சட்டம் விதித்த எல்லை 30 மீற்றர்.

இறங்கும்போது முதலில் தெரிவது காது. கரையில் நம்மை அழுத்துவது ஒரு வளிமண்டலத்தின் கனம் என்றால், பத்து மீற்றர் ஆழத்திலேயே அது இரண்டாகிவிடுகிறது. அது மறுபடி இரு மடங்காகி நான்காவதற்கு இன்னும் இருபது மீற்றர் இறங்கவேண்டும். ஆகையால் ஆழத்தைவிட முதல் ஐந்தாறு மீற்றர்களே காதுக்குச் சோதனையானவை. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் கீழாக, முகமூடியின் மேலாலே மூக்கைப் பொத்தி மெல்ல ஊதினால் காதுக்குள் "டிக்" என்று ஒரு சிறு கதவு திறப்பது கேட்கும். ஓர் அடிக்கு ஒரு தடவை ஊதினாலும் தவறில்லை. வலி வந்த பிறகு ஊதுவது பிந்திவிட்டது என்று பொருள். ஒரு மீற்றர் மேலே ஏறி மறுபடி தொடங்க வேண்டும்.

அதைக் கடந்துவிட்டால் கேட்பது உங்கள் மூச்சு மட்டுமே. இழுக்கும்போது மெல்லிய இரைச்சல், விடும்போது குமிழிகள் காதோரம் உருண்டு மேலே போகும் ஓசை. வேகமாக மூச்சு விட்டால் சிலிண்டர் விரைவில் தீரும். ஆகவே மூச்சை நீட்டி விடப் பழகுகிறோம், அப்படி விடும்போது மனமும் தானாகத் தணிகிறது. பத்து மீற்றரில் என் கைவிரல்களைப் பார்த்தேன். கொழும்பில் பூசிக்கொண்டு வந்த செங்குருதி நிற நகப்பூச்சு, காய்ந்த புளியங்கோதின் நிறமாக இருந்தது. சிவப்புத்தான் நீரில் முதலில் கரைந்து போகும் நிறம்.

கைச்சாடைகளைக் கரையிலேயே நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். பெருவிரலை உயர்த்திக் காட்டினால் "நன்று" என்று பொருளல்ல, "மேலே போகவேண்டும்" என்று பொருள். முதல் நாள் ஓர் ஆமையைக் கண்ட மகிழ்ச்சியில் என் கணவர் பெருவிரலை உயர்த்த, பயிற்றுநர் அவரை உடனே மேலே கொண்டுபோய்விட்டார். அவர் செய்தது சரியே. அந்தச் சாடையைப் பார்த்துவிட்டு ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கும் பயிற்றுநரை நம்பி நான் இறங்கமாட்டேன்.

மார்ச் 7

ஒரு திருத்தம். 24 மணி நேரம் என்று நான் விதியாக எழுதியது சரியன்று. சுழியோடிகளின் பாதுகாப்புக்கான பொது வழிகாட்டல், ஒரே ஒரு முறை சுழியோடியவருக்குக் குறைந்தது 12 மணி நேரம், ஒரு நாளில் பல முறையோ பல நாள் தொடர்ந்தோ சுழியோடியவருக்குக் குறைந்தது 18 மணி நேரம் என்கிறது. 24 என்பது பல சுழியோடல் நிலையங்கள் தாமாகக் கடைப்பிடிக்கும் எச்சரிக்கை. ஆழத்தில் உடலுக்குள் கரைந்த நைதரசன் வெளியேறும் முன் விமானத்தில் ஏறினால், அழுத்தம் குறைந்து அது குமிழிகளாகிவிடும் என்பதே காரணம்.

இதைச் சுட்டிக்காட்டிய ஐயா இன்னொரு கணக்கும் போட்டிருக்கிறார். எங்கள் விமானம் 16ஆம் திகதி மாலை நான்கு மணிக்கு என்றால், 24 மணி நேரம் என்று வைத்தாலும் 15ஆம் திகதி காலையில் தாராளமாகச் சுழியோடியிருக்கலாமே என்று கேட்கிறார். உண்மை. அந்த நாளைப் பற்றி வேறொரு திருத்தமும் எழுதவேண்டும். இன்று முடியாது.

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை

"நாங்கள் ஐந்து முறை சுழியோடினோம்" என்று எழுதினேன். ஐந்து முறை சுழியோடியவள் நான். அவர் ஒரு முறை முழுமையாகவும் மறுமுறை நான்கு மீற்றர் வரையும்தான் வந்தார். இதை முதலில் மறைக்க நினைத்து எழுதவில்லை. "நாங்கள்" என்று எழுதிப் பழகிய கை அப்படி எழுதிவிட்டது. ஆனால் வாசித்து முடிவெடுக்கப் போகிறவர் தெஹிவளையில் காத்திருக்கிறார் என்பதால், நடந்ததை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும்.

அவர் பயிற்சி பெற்றவர் அல்லர். ஆகஸ்டில் நிலாவெளிக்கு வரமுடியாமல் வேலை இருந்தது. மாலைதீவில் அறிமுகச் சுழியோட்டம் செய்து என்னோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. மாஃபுஷியில் நாங்கள் போன நிலையத்தில் மருத்துவக் கேள்விப் படிவம் தந்தார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, காதில் எப்போதாவது நோயோ சத்திரசிகிச்சையோ உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். எட்டு வயதில் மட்டக்களப்பில் இருந்தபோது இவருக்கு இடக்காதில் சீழ் வடிந்து நெடுநாள் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்த கதையை மாமி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் பேனையை நிறுத்தியதைப் பார்த்து மேசையில் இருந்தவர், "எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடுங்கள். ஆம் என்று போட்டால் வைத்தியரின் கையொப்பம் வேண்டும், இன்று இறங்க முடியாது" என்றார். கணவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இல்லை என்று போட்டார்.

முதல் நாள் ஐந்து மீற்றர் ஆழத்தில்தான் இருந்தோம், சிரமமின்றிப் போயிற்று. இரண்டாம் நாள் சற்று ஆழமான இடம். மூன்று மீற்றரில் அவர் உள்ளங்கையைக் கிடையாக ஆட்டி இடக்காதைச் சுட்டினார். அது "சரியில்லை" என்ற சாடை. பயிற்றுநர் அவரைச் சற்று மேலேற்றினார். மறுபடி இறங்கினார். மறுபடி காட்டினார். நான்கு மீற்றரில் அவர் பலமாக ஊதியதை நான் கண்டேன். முகமூடிக்குள், மூக்கின் கீழே, மெல்லிய கோடாகக் கருமையாய் ஏதோ இறங்கியது. அந்த ஆழத்தில் இரத்தம் சிவப்பாகத் தெரியவில்லை என்பதால் அது என்னவென்று புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின. பயிற்றுநர் அவரை மேலே கொண்டுபோனார். என்னை மற்றக் குழுவோடு தொடரச் சொன்னார். நான் தொடர்ந்தேன்.

தீவின் சுகாதார நிலையத்தில் வைத்தியர் பார்த்துவிட்டு, செவிப்பறை கிழியவில்லை, ஆனால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது, சுழியோடக்கூடாது, மூன்று நாட்களுக்குத் தலை நனையவே கூடாது, விமானம் ஏறும் முன் ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள் என்றார். மாஃபுஷி ஏன் ஆறுதலாக இருக்கவில்லை என்பதற்கு இதுதான் விடை.

மார்ச் 10

மேசையில் இருந்தவர் மீது முறையிடவேண்டும் என்கிறீர்கள். முறையிட்டோம், நிலையத்தின் பொறுப்பாளர் மன்னிப்புக் கேட்டுக் கட்டணத்தைத் திருப்பித் தந்தார். அதோடு அது முடிந்தது, இடத்தின் பெயரைக் கேட்க வேண்டாம்.

எனக்குத் தூக்கம் கெடுவது வேறொன்றினால். பேனை நின்றபோது அந்தக் காதின் கதை தெரிந்த ஒரே ஆள் அங்கே நான்தான். "ஆம் என்று போடுங்கள், நாளைக்குப் பார்ப்போம்" என்று நான் சொல்லியிருந்தால் போதும். ஒரு நாள் சுழியோட்டம் கைநழுவும் என்ற கவலை எனக்குள் இருந்தது. ஏழு மாதமாகக் காசு சேர்த்த பயணம் என்ற எண்ணமும் இருந்தது. அவர் இதுவரை ஒரு சொல் என்னைக் குறை கூறவில்லை. சுகாதார நிலையத்து வாங்கில் இருந்தபோது, "நீர் மேலே வந்துவிடுவீரோ என்றுதான் பயந்தேன், நல்ல வேளை தொடர்ந்து போனீர்" என்றார். அவர் மனமறிந்து சொன்னார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், துணையோடு இறங்குவது என்பதே சுழியோடலின் முதல் விதி என்று நிலாவெளியில் படித்துச் சான்றிதழ் வாங்கியவள் நான்.

மார்ச் 13, போயா தினம்

ஃபுலிதூவில் நான் கடலுக்குப் போயிருந்த வேளைகளில் அவர் என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது நல்லது.

பெப்ரவரி 12ஆம் திகதி அங்கே போய் இறங்கினோம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடக்கூடிய தீவு. நான் 13ஆம் திகதி இரண்டு முறை சுழியோடிவிட்டு வந்தபோது, இவர் இறங்குதுறையில் வலையினால் பின்னிய சாய்கதிரை ஒன்றில், ஊர்ப் பெரியவர் ஒருவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். அவர்களுக்குள் பொதுமொழி இல்லை. ஆனால் இவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், அவருக்கு மாலைதீவின் மொழியான திவேகி. இரண்டும் உறவுமொழிகள் என்பதால் ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு உப்பு, சிங்களத்தில் லுணு, அங்கே லொனு. சந்திரனுக்குச் சிங்களத்தில் ஹந்த, அங்கே ஹந்து. உலகமெல்லாம் வழங்கும் "அட்டோல்" என்ற சொல்லே திவேகியிலிருந்து போனதுதான் என்று இவர் அன்றிரவு எனக்குப் பாடம் நடத்தினார்.

தமிழ் மாதம் மாசி பிறந்ததும் அந்த 13ஆம் திகதிதான். மாசி பிறந்த அன்று மாசியின் நாட்டில் இருந்தோம். நம் சம்பலில் இடிக்கும் மாசித்துண்டு அந்தக் கடல்களிலிருந்து வந்ததுதானே. தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரையை அவித்து, புகையூட்டி, விறகுக்கட்டை போல் காயும்வரை வெயிலில் வைக்கிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கு மஸ்ஹுனி: சூரை, தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிக்காய் பிசைந்து மெல்லிய ரொட்டியோடு. ஈரச்சூரை போட்ட சம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையில் இதைச் செய்து பார்த்தேன், பிள்ளைகள் இருவரும் இரண்டாம் தடவை கேட்டுச் சாப்பிட்டார்கள்.

மார்ச் 16

இரவுச் சுழியோட்டம் பற்றி. வாவு அட்டோலில் அலிமதா என்ற ரிசோட் தீவின் இறங்குதுறையடியில், தாதிச்சுறா என்று மொழிபெயர்க்கக்கூடிய பெரிய பழுப்புநிறச் சுறாக்கள் இரவில் கூடுகின்றன. மனிதரை நாடிக் கடிப்பவை அல்ல, அடித்தரையில் படுத்துக் கிடக்கும் இனம். மீன்கழிவுகள் கொட்டிய இடத்துக்கு வந்து பழகியவை என்று படகோட்டி சொன்னார். அப்படிப் பழக்கியது சரியா என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் பார்த்ததைப் பார்த்தேன் என்றுதான் எழுதவேண்டும்.

14ஆம் திகதி மாலை இருட்டிய பிறகு மணலில் முழங்காலிட்டு, கைகளை மார்போடு அணைத்து, மின்சூள் விளக்கைத் தரையை நோக்கிப் பிடித்தபடி இருந்தோம். என்னைவிட நீளமான ஒன்று என் தோளை உரசிக்கொண்டு போனது. தோல் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. அதன் வாயருகே இரண்டு குட்டைத் தாடிமயிர்களும், குண்டூசித்தலை அளவே ஆன கண்ணும் வெளிச்சத்தில் ஒரு கணம் தெரிந்தன. பிறகு ஒரு திருக்கை, பாயை உதறியது போல, என் முழங்காலின் மேலாலேயே போயிற்று. அச்சம் வரவில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு அறிமுகமில்லாத ஒருவர்.

இவர் படகில்தான் வந்திருந்தார். நான் ஏறி வந்ததும் துவாயைத் தந்து, "மேலே இருந்து உங்கள் வெளிச்சங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் உம்முடையது எது என்றுதான் தெரியவில்லை" என்றார்.

மறுநாள் காலைச் சுழியோட்டத்துக்கு நான் முன்பே பணம் கட்டியிருந்தேன். படகு தீவுக்குத் திரும்பும் வழியிலேயே வேண்டாமென்று சொல்லிவிட்டேன். விமான விதி என்று நான் எழுதியது இதைத்தான்.

மார்ச் 18

கேட்கப்பட்டவற்றுக்குச் சுருக்கமாக. வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுசெல்லத் தடை இருக்கிறது. அம்மா என் கைப்பையில் வைத்த சிறு பிள்ளையாரை வீட்டுச் சாமியறையிலேயே விட்டுவிட்டுப் போனேன். மதுவும் பன்றியிறைச்சியும் கொண்டுபோக முடியாது, ஊர் மக்கள் வாழும் தீவுகளில் மது கிடைக்காது. நீச்சலுடையோடு குளிப்பதற்குத் தனியாக ஒதுக்கிய கரை உண்டு, ஊருக்குள் தோளும் முழங்காலும் மூடி நடப்பதே மரியாதை. நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும் என்பதால் தங்குமிடத்தில் சாப்பாட்டை முன்பே பேசிக்கொள்ளுங்கள். நீண்ட கைச்சட்டையோடு கடலில் இறங்கினால் வெயிற்பசை பாதி போதும், முருகைக்கல்லுக்கும் அது நல்லது. உங்கள் பயணக் காப்புறுதியில் ஸ்கூபா அடங்குகிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் அடங்கவில்லை என்று சுகாதார நிலையத்தில்தான் அறிந்தோம்.

மார்ச் 22

15ஆம் திகதி.

காலையில் தீவின் சுகாதார நிலையத்துக்குப் போய்க் காதைக் காட்டினோம். கட்டியிருந்த இரத்தம் வற்றி வருகிறது, விமானம் ஏறலாம், முகத்தை நீரில் வைத்து மிதக்கலாம், ஒரு முழமும் கீழே போகக்கூடாது என்று அங்கிருந்த வைத்தியர் சொன்னார். நான் முந்திய இரவு சுழியோடியவள் என்பதால் எனக்கும் மூச்சடக்கி மூழ்குவது நல்லதன்று. ஆக, இருவருக்கும் அன்று ஒரே எல்லை.

ஒன்பது மணிக்கு இறங்குதுறையின் படியில் இருந்து, வாயில் கவ்வும் மூச்சுக்குழாயான ஸ்நோர்க்கலோடு இறங்கினோம். இந்த முறை வழி தெரிந்தவர் அவர். மூன்று நாளாக அந்தத் துறையின் விளிம்பில் அமர்ந்து, கண்ணாடி போன்ற அந்த நீருக்குள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பெரியவர் அவருக்கு ஒவ்வோர் இடமாகக் காட்டிக் கொடுத்திருக்கிறார். என் கையைப் பிடித்து மூன்றாவது தூணுக்கு அப்பால் அழைத்துப் போய், கீழே ஒரு கல்லைச் சுட்டினார். ஒன்றும் தெரியவில்லை. கல்லின் அடியில் சிப்பியோடுகள் ஒரு சிறு குவியலாகக் கிடந்தன, அவ்வளவுதான். அவர் கையை ஆட்டி, பொறுத்திரும் என்று காட்டினார். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, அசையாமல் மிதந்தோம். முதுகில் வெயில் ஏறியது. பிறகு அந்தக் கல்லின் ஒரு பகுதி மூச்சு விட்டது. பழுப்பாக இருந்த இடம் வெளிறிச் சாம்பலாகி, மறுபடி புள்ளி புள்ளியாகக் கறுத்து, ஒரு கண் திறந்தது. எட்டுக்கைப் பேய்க்கணவாய். சிப்பிக் குவியல் அது தின்று வாசலில் போட்ட மிச்சம். ஒரு கையை மெல்ல நீட்டி, வாசலில் கிடந்த ஓடு ஒன்றை எடுத்துச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி கல்லானது.

ஐந்து சுழியோட்டங்களில் நான் கண்ட எதையும்விட அதைத்தான் இப்போதும் அடிக்கடி நினைக்கிறேன். மாலையில் ஆழமற்ற நீரில் திருக்கைகள் கரைவரை வந்து எங்கள் கணுக்காலைச் சுற்றிப் போயின. மிதித்துவிடாமல் மணலில் காலை இழுத்து இழுத்து நடந்தோம். இரவு எட்டு மணிக்கே தூங்கிவிட்டோம். அதுவரை அந்தப் பயணத்தில் ஒரு நாளும் நாங்கள் அப்படித் தூங்கவில்லை.

மார்ச் 30

நேற்றுக் கொழும்பில் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரைப் பார்த்தோம். செவிப்பறையில் சிறுவயதுத் தழும்பு இருக்கிறது, அந்தக் காதைத் தொண்டையோடு இணைக்கும் குழாய் சரியாகத் திறப்பதில்லை, இனிச் சுழியோட எண்ணவேண்டாம் என்றார். முன்பே காட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

தெஹிவளைச் சகோதரி நான்கு தீவுகளை இரண்டாக்கிவிட்டதாகவும், எட்டுச் சுழியோட்டங்களை நான்காக்கச் சொல்லி முகவருக்கு எழுதியதாகவும் அறிவித்திருக்கிறார். முற்பணம் கட்டும் முன் இருவரும் காதைக் காட்டிவிடுங்கள். படிவத்தை இருவரும் பக்கத்தில் இருந்து நிரப்புங்கள். ஆகஸ்டில் நாங்கள் பிள்ளைகளோடு நிலாவெளிக்குப் போகிறோம். எனக்குச் சிலிண்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான்கு ஸ்நோர்க்கல்கள் வாங்கவேண்டும், சின்னவளின் முகத்துக்குப் பொருந்தும் முகமூடி கொழும்பில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.